வலியை அடக்கும் ஊசியும் வலியை விசாரிக்கும் ஊசியும்

தோளில் துண்டு போடக் கூடாது என்றார்கள் நம் தாத்தன்களிடம். ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பில் கட்ட வேண்டும். ஆனால் அதே தோளில் நெல் மூட்டை ஏற்றலாம். பாடை ஏற்றலாம். செத்த மாட்டை ஏற்றலாம். பறையைத் தொங்கவிடலாம். தோளில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டவர்கள், அந்தத் தோள் வலிக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. துண்டுக்கான சண்டையைப் பல ஊர்களில் போட்டு ஜெயித்துவிட்டோம். சில ஊர்களில் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம். வலிக்கான சண்டையை இன்னும் தொடங்கவே இல்லை.

காரியாபட்டி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். மானாவாரி பூமி. மழை பொய்த்தால் வெள்ளாமை பொய்க்கும். மிச்சமிருப்பது உடம்பு ஒன்றுதான். கல்குவாரியில் சம்மட்டி பிடிக்கிற தோள். சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டு, கரி அள்ளி மூட்டை கட்டுகிற தோள். விடியக்காலை பஸ் ஏறி மதுரைக்குச் சித்தாள் வேலைக்குப் போய், சாந்துச் சட்டியைத் தூக்கித் தூக்கிக் கொடுக்கிற தோள். பேரூராட்சிக் குப்பை வண்டியைத் தள்ளுகிற தோள். தெற்கேயும் மேற்கேயும் போனால் பட்டாசு, தீப்பெட்டி. அங்கே பெண்கள் தரையில் சம்மணம் போட்டுக் குனிந்து உட்கார்ந்து, ஒரே அசைவை நாளெல்லாம் ஆயிரம் தடவை செய்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க் குடம்.

2024 மே 1. உலகத் தொழிலாளர் தினம். அன்றைக்குத்தான் காரியாபட்டிக்குப் பக்கத்தில் கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து 3 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். செய்தித்தாள் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், இழப்பீடு பற்றிப் பேச்சு வந்தது. வெடித்தால் செய்தி. கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்ந்தால் அது செய்தியே இல்லை. இருபது வருசம் சம்மட்டி அடித்த ஒருவரின் தோள் ஒருநாள் காலையில் தூக்க மாட்டேன் என்று நின்றுவிட்டால், அதை எந்த அதிகாரியும் பார்வையிட வருவதில்லை. அது ‘வயசான கோளாறு’.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கே என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் எந்த ஊர் வெளிநோயாளர் வரிசையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

“என்னம்மா ஒனக்கு?”

“தோள்பட்டை வலி சார். ஆறு மாசமா கையத் தூக்க முடியல. ராத்திரி அந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க முடியல சார்.”

“வயசாயிருச்சுல்ல? வேலையக் கொறச்சுக்க. ஊசி எழுதியிருக்கேன், போட்டுட்டுப் போ.”

முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது. தோள்வலிக்கு ஊசி இடுப்பில். போட்ட அன்றைக்கு வலி அடங்கும். மறுநாள் வேலைக்குப் போகலாம். ஒருவாரத்தில் வலி திரும்பும். திரும்ப ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்தால் ஒருநாள் கூலி போச்சு என்று தெருமுனை ‘டாக்டரிடம்’ போனால் அங்கேயும் ஊசிதான். அந்த ஊசியில் என்ன இருந்தது என்று போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். இந்த ஊசியைத்தான் வலியை அடக்கும் ஊசி என்கிறேன். ரெண்டு அர்த்தத்திலும் ‘அடக்கும்’ ஊசி. இது உடம்பை நாளைய கூலிக்குத் திருப்பி அனுப்புகிறது. உடம்பில் என்ன கெட்டது என்று கேட்பதில்லை.

கேட்கிற ஊசி ஒன்று இருக்கிறது. அது என்ன என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாததைக் கோரிக்கையாக வைக்க முடியாது.

முதலில் தோளைப் பற்றி. தோள் ஒரே ஒரு மூட்டு இல்லை. மேற்கை எலும்பின் பந்து பெரிது, அது உட்காருகிற கிண்ணம் சின்னது. பள்ளிக்கூடத்தில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவோமே, அதுமாதிரி. விழாமல் பிடித்துக்கொள்வது நான்கு தசைகளின் நாண்கள். அதற்கு மேலே ஓர் எலும்புக் கூரை. கூரைக்கும் நாணுக்கும் நடுவே உரசாமல் இருக்க ஒரு சவ்வுப் பை. கூரையின் முனையில் காறை எலும்பு வந்து சேருகிற இன்னொரு சின்ன மூட்டு. மூட்டைச் சுற்றி ஓர் உறை. இவற்றில் எது கெட்டாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: ‘தோள்பட்டை வலிக்குது.’ ஆனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. நாண் கிழிந்ததா, சவ்வுப் பை வீங்கியதா, சின்ன மூட்டு தேய்ந்ததா, உறை சுருங்கி இறுகிப்போனதா? உறை இறுகுவதை ‘உறைந்த தோள்’ என்கிறார்கள். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. போதாததற்கு வலி தோளிலிருந்தே வராமலும் இருக்கலாம். கழுத்து நரம்பு நசுங்கினாலும் தோள் வலிக்கும். இருதயக் கோளாறுகூட இடது தோளில் வலியாக வந்து நிற்கும்.

‘அப்போ ஸ்கேன் எடுத்துட்டாப் போச்சு’ என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறோம். 1995-ல் அமெரிக்காவில் தோள்வலியே இல்லாத ஆட்களைப் பிடித்து எம்.ஆர்.அய். எடுத்துப் பார்த்தார்கள். 60 வயது தாண்டியவர்களில் பாதிக்கு மேல், 54 விழுக்காட்டினருக்கு, நாணில் கிழிசல் இருந்தது. வலி இல்லை, கிழிசல் இருக்கிறது. ஆக, படத்தில் கிழிசல் தெரிந்தது என்பதாலேயே உன் வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. படம் உடம்பைக் காட்டும், வலியைக் காட்டாது. ஆயிரக்கணக்கில் கடன் வாங்கி மதுரையில் ஸ்கேன் எடுத்துவிட்டு, அந்தப் பெரிய உறையைச் சாமிப் படம் மாதிரி வீட்டில் மாட்டி வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. வலி அப்படியே இருக்கிறது.

அங்கேதான் விசாரிக்கும் ஊசி வருகிறது. அதன் முறை எளியது. முதலில் கையைத் தூக்கச் சொல்லி, திருப்பச் சொல்லி, எந்த அசைவில் எவ்வளவு வலி என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் குறித்துக்கொள்வார்கள். பிறகு சந்தேகப்படும் ஓர் இடத்தில், அந்த ஓர் இடத்தில் மட்டும், கொஞ்சம் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அதே லிக்னோகெயின்தான். 1943-ல் சுவீடனில் கண்டுபிடித்த மலிவான மருந்து. சில நிமிடங்கள் கழித்து அதே அசைவுகளைத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். எட்டாக இருந்த வலி ஒன்றாகவோ ரெண்டாகவோ இறங்கிவிட்டால், வலி அந்த இடத்திலிருந்து வந்திருக்கிறது. இறங்கவில்லையென்றால் அந்த இடம் குற்றவாளி இல்லை, அடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும். வலி போன பிறகும் கை தூக்க முடியவில்லை என்றால், நாண் பெரிதாகக் கிழிந்திருக்கக்கூடும். வலி போன பிறகும் இன்னொருவர் பிடித்துத் தூக்கினால்கூடக் கை ஏறவில்லை என்றால், உறை இறுகியிருக்கிறது. ஒரே ஊசி, இத்தனை பதில்.

நியூயார்க் மருத்துவர் சார்லஸ் நீர் 1970-களில், கூரை எலும்புக்குக் கீழே மரப்பு மருந்து போட்டுப் பார்க்கும் இந்தச் சோதனையைப் பரவலாக்கினார். அப்போது கையால் தடவிப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டார்கள். குத்துமதிப்பு எல்லா நேரமும் சரியாக இருக்காது. காறை எலும்பின் சின்ன மூட்டுக்குள் ஒரு மில்லி மருந்துதான் பிடிக்கும். கைத்தடவலில் போடும்போது ஏறக்குறைய பாதி ஊசிகள் அந்த மூட்டுக்குள் போகாமலே போய்விடுகின்றன என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசி வேறு இடத்தில் போயிருந்தால் பதிலும் பொய்ப் பதில்தான். அதனால்தான் படம் பார்த்துப் போடுகிறார்கள். அல்ட்ராசவுண்ட் கருவியைத் தோளில் வைத்தால், ஊசி ஒரு வெள்ளைக் கோடாகத் திரையில் நகர்வது தெரியும். முனை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே மருந்தைச் செலுத்தலாம். கதிர்வீச்சு இல்லை. எக்ஸ்ரே திரையில் பார்த்துப் போடும் முறையும் உண்டு.

படம் பார்த்துப் போட்டாலே நோய் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2009-ல் நார்வேயில் நாண் நோய் உள்ள 106 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்துத் தோளில் ஸ்டீராய்டு, இன்னொரு பாதிக்கு இடுப்பில் ஸ்டீராய்டு. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ‘அப்ப நம்ம இடுப்பு ஊசி சரிதானே?’ என்று கேட்பார்கள். வலியைத் தற்காலிகமாகக் குறைக்க மட்டும் என்றால் படம் அவசியமில்லை என்பதுதான் இதன் பாடம். வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமென்றால், ஊசி எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. நமக்கு இவ்வளவு நாள் கிடைத்தது முதல் வேலை மட்டும்தான்.

விசாரிக்கும் ஊசியும் சில நேரம் தப்புச் சொல்லும். ஊசி போட்டாலே பாதி குணம் என்கிற நம்பிக்கையில் சிலருக்கு வலி குறையும். மருந்து பக்கத்து இடத்துக்குக் கசியும். எல்லாத் தோளுக்கும் இது தேவையுமில்லை. பெரும்பாலான தோள்களுக்குப் பொறுமையாகக் கேட்டு, தொட்டு, அசைத்துப் பார்த்தாலே போதும். பயிற்சியும் ஓய்வும் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதிலும் பிடிபடாத தோளுக்குத்தான் இது. கத்தி வைப்பதற்கு முன்னால் நிச்சயமாக யோசிக்க வேண்டியது. 2018-ல் பிரிட்டனில், கூரை எலும்பைச் செதுக்கும் அறுவையையும் உள்ளே பார்த்துவிட்டுச் சும்மா மூடிய பொய் அறுவையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எங்கே வலி என்று தெரியாமல் கத்தி எடுப்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

கேட்காமல் போடும் ஊசி, நம் உடம்புகளுக்கு மற்றவர்களைவிட அதிக ஆபத்து. மூட்டில் காசநோய் வரும். தோளிலும் வரும். தோளில் அது பல நேரம் வீக்கமில்லாமல், சீழில்லாமல், வறண்ட காசநோயாக வந்து, பார்வைக்கு ‘உறைந்த தோள்’ மாதிரியே ஏமாற்றும். அதற்குள் ஸ்டீராய்டைப் போட்டால் எரிகிற வீட்டில் எண்ணெய். காசநோய் யாரைப் பிடிக்கிறது? ஒண்டுக்குடித்தனத்தில் நெருங்கிக் கிடப்பவனை, அரைவயிறு சாப்பிடுகிறவளை, கல்தூசி தின்கிறவனை. அடுத்து சர்க்கரை. ஸ்டீராய்டு போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். முன்னெச்சரிக்கை சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டால் நாண் பலவீனமாகும். சுமை தூக்கிப் பிழைக்கிறவனுடைய நாணைப் பலவீனமாக்குவது அவன் அரிவாளை மழுக்குவது மாதிரி. இதையெல்லாம் யோசிக்காமல் எழுதிய சீட்டு வைத்தியச் சீட்டு இல்லை, விரட்டும் சீட்டு.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். விசாரிக்கும் ஊசிக்கு முன்னால் ஒரு காரியம் நடக்க வேண்டும்: தொட வேண்டும். சட்டையைக் கழற்றச் சொல்லி, ரெண்டு தோளையும் ஒப்பிட்டு, வேர்வை நாறும் கக்கத்துக்குப் பக்கத்தில் விரல் வைத்து, எங்கே வலி என்று தேட வேண்டும். கையைத் தன் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்தக் கை குப்பை அள்ளிய கையாக இருக்கும், கரி அப்பிய கையாக இருக்கும். தொடாமலே ‘வயசாயிருச்சு’ என்று சொல்லும் வாய்க்குப் பின்னால் கூட்டம், நேரமின்மை, ஆள் பற்றாக்குறை எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஒரே காலையில் நூற்றுக்கும் மேல் நோயாளி பார்க்கிற மருத்துவர்மேல் மட்டும் பழிபோட முடியாது. ஆனால் அதே நெரிசலில் யாரைத் தொடுகிறார்கள், யாரைத் தொடாமல் அனுப்புகிறார்கள், யாரை ‘வாங்க, உக்காருங்க’ என்கிறார்கள், யாரை ‘என்னம்மா ஒனக்கு’ என்கிறார்கள் என்று வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியும். தீண்டாமை இன்றைக்குப் பல இடங்களில் வையாமலும் அடிக்காமலும் நடக்கிறது. தொடாமல் விடுவது போதும்.

மருத்துவ வரலாற்றிலேயே வேறு மாதிரியும் ஒருவர் இருந்தார். பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் காட்மன். 1934-ல் தோளுக்கென்றே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். நாண் கிழிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவர் போட்ட அடையாளப் பட்டியலில் முதலில் வருவது எக்ஸ்ரே இல்லை, நோயாளியின் தொழில்: உடலுழைப்பு. அடுத்தது வயது, நாற்பதுக்கு மேல். தொழிலாளியின் தோள் என்பதையே அவர் முதல் தடயமாக எடுத்தார். ஒவ்வொரு நோயாளியையும் பிற்பாடு தேடிப் பார்த்து, வைத்தியம் பலித்ததா என்று பதிவு செய்து வெளியே சொல்ல வேண்டும் என்றும் வாதாடினார். அதற்காகச் சக மருத்துவர்களின் பகையைச் சம்பாதித்து, வகித்த பதவிகளையும் இழந்தார். நம் ஓ.பி. சீட்டில் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, ஆணா பெண்ணா இருக்கிறது. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்க ஒரு கட்டம் எங்கே?

சட்டமும் அப்படித்தான். அண்ணல் 1942 முதல் 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுக்கான அடித்தளம் போடப்பட்டது. அது 1948-ல் ஈ.எஸ்.அய். சட்டமாக வந்தது. ஆனால் தொழில் நோய்கள் என்று சட்டம் ஒத்துக்கொள்ளும் பட்டியலில் ஈயம் இருக்கிறது, பாதரசம் இருக்கிறது, கல்தூசி இருக்கிறது. சுமை தூக்கித் தேய்ந்த தோள் இல்லை. இல்லாத நோய்க்கு இழப்பீடும் இல்லை. அதனால்தான் ‘எங்கிருந்து வலி’ என்ற பதில் நமக்கு வைத்தியம் மட்டுமல்ல, சாட்சியம். உன் நாண் கிழிந்திருக்கிறது, அது வயசால் மட்டுமல்ல, இருபது வருசச் சம்மட்டியால் என்று வாதாட வேண்டுமென்றால், முதலில் கிழிசலும் வலியும் ஒன்றுதான் என்று ஒரு மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. அல்ட்ராசவுண்ட் கருவி கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்க்கப் பயன்பட்டதால், 1994-ல் ஒரு சட்டம் வந்தது. கருவி ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும், தகுதியுள்ளவர்தான் இயக்க வேண்டும். உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலைகளை அறிந்த நம் வட்டாரத்துக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். தோளுக்காக அதைத் தளர்த்து என்று கேட்க மாட்டோம். பதிவு செய், பயிற்சி கொடு, கருவியைப் பிரசவ வார்டைத் தாண்டியும் கொண்டு வா என்கிறோம்.

நம் இயக்கத்துக்கும் சொல்ல ஒன்று உண்டு. நம் சுவரொட்டிகளில் உழைப்பவனின் தோள் எப்போதும் மலைபோல் இருக்கிறது. பறையடிக்கும் தோளைப் பாடுகிறோம். அந்தக் கலைஞர் இரவு முழுக்க அடித்துவிட்டு, மறுநாள் சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியாமல் பொண்டாட்டியைக் கூப்பிடுகிறார் என்பதைப் பாடுவதில்லை. ‘பாறைத் தோள்’ என்று புகழ்ந்தே சுமையேற்றியவன் பண்ணையார். அதே புகழ்ச்சி நமக்கெதற்கு? நம் தோள் சதை, நாண், எலும்பு. அது வலிக்கும். வலிக்குது என்று சொல்வது பலவீனமில்லை.

ஆகவே, கேட்போம். ஒன்று: காரியாபட்டி அரசு மருத்துவமனை உட்பட எல்லா இடத்திலும் ஓ.பி. சீட்டில் தொழிலை எழுத வேண்டும். இரண்டு: விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. அங்கிருந்து எலும்பு மருத்துவரும் கதிரியல் மருத்துவரும் குறிப்பிட்ட நாளில் தாலுகா மருத்துவமனைக்கு வந்து தோளுக்கென்றே ஓ.பி. நடத்த வேண்டும். தேவைப்பட்டவருக்குப் படம் பார்த்துப் போடும் சோதனை ஊசியும் அங்கேயே. பெண்களைப் பார்க்கப் பெண் ஊழியரும் மறைப்பும் வேண்டும். மூன்று: எந்த இடத்தில், என்ன மருந்து, எத்தனை மில்லி, போடுமுன் வலி எவ்வளவு, போட்டபின் எவ்வளவு என்று தமிழில் எழுதி நோயாளி கையில் கொடுக்க வேண்டும். நான்கு: 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுதேடி வரும் இயன்முறை சிகிச்சை இருக்கிறது. சோதனை முடிந்தவர்களை அதோடு இணைக்க வேண்டும், காட்மன் சொன்னபடி பிற்பாடு தேடிப் பார்க்கவும் வேண்டும். அய்ந்து: சுமையால் தேய்ந்த தோளைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, 2020-லிருந்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம் தெருப் பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களிடம் நாம் கேட்பது பெரிய தியாகம் எதுவுமில்லை. வரிசையில் வருகிற ஒவ்வொரு தோளையும் தொட்டுப் பாருங்கள். ‘என்ன வேலை செய்றீங்க?’ என்று கேளுங்கள். மற்றவர்கள் அடுத்த முறை ஊசி போடும்போது ரெண்டு கேள்வி கேட்டால் போதும்: “சார், இது என்ன ஊசி? என்னோட வலி எங்கிருந்து வருது?” பதில் வரும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்க வேண்டாம்.